யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்...

இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நானும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலேஜ் பாஷையில் அதற்குப் பெயர் 'அபாலஜி லெட்டர்'.

நெட்வொர்க் லேபில் ஒரு ரவுட்டர் காணாமல் போயிருந்தது. முந்தைய நாள் ரிஜிஸ்டரில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவன் நான். அவ்வளவுதான் ஆதாரம். மதியம் இரண்டு மணிக்குத் துறைத் தலைவர் அறையில் நிற்க வைத்தார்கள். சாயங்காலம் ஆறரை வரை நின்றேன். யாரும் அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் "இல்ல சார், நான் எடுக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எனக்கு ரொம்பப் பிடித்த சார் ஒருவர் வந்தார். தோளில் கை போட்டு, "எழுதிக் குடுத்துட்டுப் போடா தம்பி. வீட்டுக்குத் தெரியாம நான் முடிச்சு விடறேன். இல்லேன்னா நாளைக்கு அப்பாவ வரச் சொல்லியாகணும்" என்றார். அப்பாவுக்கு அந்த வருடம்தான் பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஊரிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். சார் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரி இன்றைக்கும் மனப்பாடம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன் என்ற வரி. அதையும் சார்தான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ரவுட்டர் கிடைத்தது. வேறொரு லேபின் பீரோவில் பத்திரமாக இருந்தது. லெட்டரைத் திருப்பிக் கேட்டேன். "அது ஃபைல்ல போயிடுச்சுப்பா" என்றார்கள்.

இது நடந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. மறந்தே போயிருந்தேன். பிரிட்டனில், வேல்ஸ் தலைநகரான கார்டிஃபுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அந்த லெட்டர் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. என் ஆபீஸ் பழைய துறைமுகப் பகுதியில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் வழியில் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்றொரு தெரு. கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருநாள் அங்கே நின்று, "இந்தத் தெருவைப் பத்தித் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். அவர் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இரவு உட்கார்ந்து அந்த வழக்கின் விவரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் கொடுத்த வாக்குமூலம் தானாகக் கொடுத்ததா, வாங்கப்பட்டதா என்பதை நீதிமன்றங்கள் எப்படி முடிவு செய்கின்றன என்று எனக்குப் புரிய வைத்த வழக்கு அது.

ஏழாம் எண் டேப்

1988 பிப்ரவரி 14. லினெட் வைட் என்ற 20 வயதுப் பெண், ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு ஃபிளாட்டில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். உடலில் 50-க்கும் மேற்பட்ட கத்திக்குத்துகள். கையில் ரத்தக்கறையோடு வெள்ளைக்காரர் ஒருவரை அந்தப் பக்கம் பார்த்ததாகச் சாட்சிகள் சொல்ல, போலீஸ் முதலில் அவரைத்தான் தேடியது. பல மாதங்களாகியும் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில், கறுப்பின, கலப்பினத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கைது செய்தார்கள். ரத்தம், கைரேகை என்று எந்தத் தடயமும் அந்த ஐந்து பேரோடு பொருந்தவில்லை.

அந்த ஐவரில் ஒருவர் ஸ்டீபன் மில்லர். இறந்த பெண்ணின் காதலர். அவருடைய மனவளர்ச்சி 11 வயதுச் சிறுவனுடையது, வாசிக்கும் திறன் எட்டு வயதுக் குழந்தையுடையது என்று பின்னால் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவரை ஐந்து நாட்களில் மொத்தம் சுமார் 13 மணி நேரம் விசாரித்தார்கள். 19 டேப்புகள். "நான் அங்கே இல்லை, நான் செய்யவில்லை" என்று 300 தடவைக்கு மேல் மறுத்தார். கடைசியில், தான் அந்த இடத்தில் இருந்ததாக ஒப்புக்கொண்டார். மற்றவர்களையும் கைகாட்டினார்.

விசாரணை நீதிமன்றம் அந்த வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. 1990 நவம்பரில் மில்லர் உட்பட மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. இரண்டு பேர் விடுதலை.

1992 டிசம்பரில் மேல்முறையீடு வந்தது. தலைமை நீதிபதி டெய்லர் பிரபு தலைமையிலான அமர்வு. அவர்கள் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. ஏழாம் எண் டேப்பைப் போட்டுக் காதால் கேட்டார்கள்.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. கேள்வி பதிலைத் தட்டச்சு செய்த தாளில் சத்தம் தெரியாது. போலீஸ் என்ன கேட்டது, இவர் என்ன சொன்னார் என்று வரிசையாக இருக்கும். டேப்பில் கேட்டால், மில்லர் ஒரு பதில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரிகள் கத்துகிறார்கள். தாங்கள் எதிர்பார்க்கும் பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லி அவர் மேல் திணிக்கிறார்கள். கேட்ட நீதிபதிகள் அத்தனை பேரும் அதிர்ந்துபோனதாகத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கை வைக்கவில்லையே தவிர, இதைவிடப் பகையோடும் மிரட்டலோடும் ஒருவரை விசாரிக்க முடியாது என்பது அவர்கள் கருத்து. மனவளர்ச்சி சராசரியாக உள்ள ஒருவருக்குமே அது கொடுமையாகத்தான் இருந்திருக்கும் என்றார்கள். மூவரும் விடுதலை ஆனார்கள்.

விசாரணையின்போது மில்லரின் வக்கீலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார் என்பது இன்னொரு விஷயம். அவர் வாயே திறக்கவில்லை. நீதிமன்றம் அதையும் கண்டித்தது.

உண்மையாகவே இருந்தாலும்

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, பிரிட்டனின் 1984-ஆம் வருடத்து 'போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம்'. இங்கே எல்லோரும் 'பேஸ்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதன் 76-ஆவது பிரிவை முதல் தடவை படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

அதன் சாரம் இதுதான். ஒரு வாக்குமூலம் கொடுமைப்படுத்தி வாங்கப்பட்டது என்றோ, நம்பமுடியாத வாக்குமூலத்தை வரவழைக்கக்கூடிய ஏதோ ஒரு சொல்லாலோ செயலாலோ வந்தது என்றோ பிரதிவாதி கேள்வி எழுப்பினால், அப்படி இல்லை என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். நிரூபிக்க முடியாவிட்டால் அந்த வாக்குமூலம் உள்ளே வரக்கூடாது. அது உண்மையாகவே இருந்தாலும் சரி.

'உண்மையாகவே இருந்தாலும்' என்பதுதான் என்னை நிறுத்திய இடம். உண்மை என்றால் ஏன் தூக்கிப் போட வேண்டும்? நான் இன்ஜினீயர். எனக்கு அவுட்புட் சரியா தப்பா என்பதுதான் முக்கியம்.

யோசித்துப் பார்த்தால் சட்டம்தான் இன்ஜினீயரைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. ஆறு மணி நேரம் கத்தினால் குற்றவாளியும் 'ஆமாம்' என்பான், நிரபராதியும் 'ஆமாம்' என்பான். எந்த இன்புட் கொடுத்தாலும் ஒரே விடையைத் துப்புகிற புரோகிராமில் அந்த விடைக்கு என்ன மதிப்பு? எப்போதாவது அது சரியாக இருந்துவிட்டால்கூட, சரி என்று நமக்குச் சொல்வது அந்தப் புரோகிராம் அல்ல. அதனால்தான் நீதிபதி முதலில் 'இவன் சொன்னது உண்மையா?' என்று கேட்பதில்லை. 'இவனை எப்படிச் சொல்ல வைத்தார்கள்?' என்று கேட்கிறார்.

இதைக் கேட்பதற்கென்றே விசாரணைக்குள் ஒரு குட்டி விசாரணை நடக்கும். ஜூரிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நீதிபதி மட்டும் டேப்பைக் கேட்பார், போலீஸ் அதிகாரியைக் கூண்டில் ஏற்றுவார், டாக்டர் சொல்வதைக் கேட்பார். எத்தனை மணி நேரம் விசாரித்தார்கள்? தூங்க விட்டார்களா? இங்கே 24 மணி நேரத்துக்கு எட்டு மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. வக்கீல் கேட்டபோது கொடுத்தார்களா? 18 வயதுக்குக் கீழ் உள்ளவர், மனநலம் பாதித்தவர் என்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் துணைக்கு இருந்தாரா? 'ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்' என்று யாராவது சொன்னார்களா? இவ்வளவும் பார்த்து, வாக்குமூலம் செல்லாது என்று முடிவானால், அப்படி ஒன்று இருந்ததே ஜூரிகளுக்குத் தெரியாது.

இந்த யோசனை நமக்கும் புதிதல்ல. 1872-ஆம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் ஆசை காட்டியோ, மிரட்டியோ, வாக்குறுதி கொடுத்தோ வாங்கிய வாக்குமூலம் செல்லாது. அதைப் படித்தபோது என் சார் ஞாபகம்தான் வந்தது. 'வீட்டுக்குத் தெரியாம முடிச்சு விடறேன்' என்பது ஆசை. 'அப்பாவ வரச் சொல்லியாகணும்' என்பது மிரட்டல். தோளில் இருந்த கை அன்பானதுதான். அதனால் விஷயம் மாறிவிடாது.

"அப்போ குத்தவாளி தப்பிச்சுடுவானே?"

ஊரில் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் சொன்னபோது வந்த முதல் பதில் இது. "நாலு தட்டு தட்டினாத்தான் உண்மை வரும்" என்பது இரண்டாவது பதில். நம் சினிமா போலீஸ்காரர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அதே சினிமாவில்தான் 'விசாரணை'யும் வந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், ஆந்திர போலீஸிடம் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து எடுத்த படம். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான் அந்த அடி.

நண்பர்களுக்கு நான் சொன்ன பதில், கார்டிஃப் வழக்கின் கடைசி அத்தியாயம். பல வருடங்கள் கழித்துப் போலீஸ் அந்த ஃபிளாட்டை மறுபடி ஆராய்ந்தது. சுவரில் பழைய பெயின்ட்டுக்கு அடியில் இருந்த ரத்தத்தில் டி.என்.ஏ. கிடைத்தது. 2003-இல் ஜெஃப்ரி கஃபூர் என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அந்த ஐந்து பேருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. நாம் எல்லோரும் பயப்படுகிறோமே, குற்றவாளி தப்பித்துவிடுவான் என்று. அவன் தப்பித்தது மில்லரின் வாக்குமூலத்தைத் தூக்கிப் போட்டதால் அல்ல, அதை நம்பியதால். 'ஆளைப் பிடிச்சாச்சு' என்று ஃபைலை மூடியதும் தேடுவதும் நின்றுபோனது. எங்கள் வேலையிலும் இது உண்டு. தப்பான காரணத்தை எழுதி டிக்கெட்டை மூடினால், அதே கோளாறு வேறொரு ராத்திரி மறுபடி வரும்.

எழுதியது யார்?

இந்தியச் சட்டம் ஒரு விஷயத்தில் பிரிட்டனைவிடக் கண்டிப்பானது. இங்கே போலீஸிடம் சொன்ன வாக்குமூலம், முறையாக வாங்கப்பட்டால் செல்லும். இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. பழைய சட்டத்தில் 25-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளோடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். முழு வாக்குமூலம் செல்ல வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். 'நீ வாக்குமூலம் கொடுத்தே ஆகவேண்டியதில்லை, கொடுத்தால் உனக்கு எதிராகவே பயன்படலாம்' என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்கப் பொதுவாக 24 மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லியிருக்கிறது. போலீஸ் பிடியிலிருந்து விலகி ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் அதையே சொல்கிறானா என்று பார்ப்பதற்குத்தான் அந்த அவகாசம்.

தடா சட்டம் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தாலே வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலம் அப்படிப் பதிவானதுதான். பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அதில் இருந்தது. அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013-இல் வெளிப்படையாகவே ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். ஒரே ஒரு வாக்கியம். அது இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் தூக்குக் கயிறு. 2022-இல் அவர் விடுதலை ஆனதற்குச் சட்டக் காரணம் வேறு. ஆனால் விட்டுப்போன அந்த வாக்கியத்தைச் சரிபார்க்க ஒரு டேப் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

இலங்கையில் நம்மவர்கள் பட்டது இன்னும் மோசம். அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, உதவி போலீஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேலானவரிடமோ கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கிறது. அது தானாகக் கொடுத்தது அல்ல என்று நிரூபிக்க வேண்டியவரும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். பிரிட்டனில் இருப்பதற்கு நேர் எதிர். சிங்கராசா வழக்கில், தமிழ் மட்டுமே தெரிந்தவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு போலீஸ்காரர். கீழே அவருடைய பெருவிரல் ரேகை. 50 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 35 ஆனது. இப்படி ஒருவர் மேலேயே நிரூபிக்கும் சுமையை ஏற்றுவது நியாயமான விசாரணை ஆகாது என்று 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு சொன்னது. மூடிய அறைக்குள் நடந்ததை அறைக்குள் தனியாக இருந்தவன் எப்படி நிரூபிப்பான்?

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். சட்டப் புத்தகத்தில் 'தன்னிச்சையாக' என்ற சொல் எல்லா ஊரிலும் இருக்கிறது. வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது. அறைக்குள் நடந்தது முழுசாகப் பதிவாகிறதா? அது சரியாக நடந்தது என்று நிரூபிப்பது யார் பொறுப்பு? பதிவும் இருந்து, சுமை அரசு மேலும் இருந்தால், ஒரு மில்லர் தாமதமாகவாவது வெளியே வரலாம். போலீஸ் ஸ்டேஷன்களிலும் விசாரணை நடக்கும் இடங்களிலும் சி.சி.டி.வி. வைக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமரா மாட்டினால் மட்டும் போதாது. ஓட வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும், நீதிபதி கேட்கும்போது கிடைக்க வேண்டும். முக்கியமாக, யாராவது அதை உட்கார்ந்து கேட்க வேண்டும். மில்லர் வழக்கில் முதல் நாளிலிருந்தே டேப் இருந்தது. தண்டனையும் கிடைத்தது. லாக் எழுதுவது வேறு, லாக்கைப் படிப்பது வேறு என்று எந்த சாஃப்ட்வேர்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு

இங்கே படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்றைக்காவது பிரிட்டன் போலீஸ் உங்களைக் கைது செய்தோ கூப்பிட்டோ விசாரித்தால், வக்கீல் கேளுங்கள். ஸ்டேஷனில் சட்ட உதவி இலவசம். உங்கள் சம்பளம் என்ன என்று பார்ப்பதில்லை. 'தப்பு செய்யலையே, எனக்கு எதுக்கு வக்கீல்' என்று நினைக்காதீர்கள். மில்லரும் தப்பு செய்யவில்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். ஆபீஸில் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுகிறோம் என்பதற்காக அங்கே கெத்து காட்ட வேண்டாம். பயத்தில் இருக்கும்போது நமக்கு வருவது அம்மா சொல்லிக் கொடுத்த பாஷைதான். இங்கே பேசாமல் இருந்தால் சில நேரம் அதையே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் கருதலாம் என்றும் ஒரு சட்டம் இருக்கிறது. எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று சொல்லவாவது பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவிடம் அந்த ரவுட்டர் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த லெட்டர் இன்னும் அங்கதான் இருக்குமாடா?"

"இருக்கும்பா. ஃபைல்ல கிடக்கும்."

"அப்போ நாளைக்கு அத எடுத்துப் படிக்கறவன், நீதான் திருடினேன்னுதான நெனப்பான்?"

"ஆமாம்பா."

"நாலரை மணி நேரம் நிக்க வச்சது அதுல எங்கயாவது இருக்கா?"

இல்லை. அதில் இருப்பது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன் என்ற ஒரு வரியும் என் கையெழுத்தும்தான்.